தொட்டிக்குள் பிறந்த கார்வை

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், பசிபிக் கடல் நிலத்துக்குள் நீண்டு நுழையும் வாயிலில், போர்ட் டவுன்சென்ட் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. சியாட்டில் துறைமுகத்துக்குப் போகும் கப்பல் எதுவானாலும் இந்த வாயிலைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் அமெரிக்க ராணுவம் அங்கே மூன்று கோட்டைகளைக் கட்டத் தொடங்கியது. அவற்றில் ஒன்று ஃபோர்ட் வேர்டன். கோட்டைக்கு வேண்டிய தண்ணீரைச் சேர்த்து வைக்க நிலத்துக்கு அடியில் வட்டமான ஒரு கான்கிரீட் தொட்டி கட்டினார்கள். குறுக்களவு 186 அடி, ஆழம் 14 அடி, கொள்ளளவு 20 லட்சம் கேலன். நம் கணக்கில் ஏறத்தாழ 75 லட்சம் லிட்டர். மேல்தளத்தைத் தாங்க உள்ளே தொண்ணூறையொட்டிய தூண்கள். வெளிச்சம் புகாத ஒரு நூற்றுக்கால் மண்டபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டையின் பீரங்கிகள் எந்த எதிரிக் கப்பலையும் சுட வேண்டிய தேவை வரவில்லை. 1953இல் ராணுவம் கோட்டையை மூடியது. பிறகு அது மாநிலப் பூங்காவானது. தொட்டியில் தண்ணீர் இல்லை, தண்ணீர் நிரப்பவும் காரணமில்லை. ஆனால் உள்ளே நின்ற காற்றுக்கு ஒரு குணம் இருந்தது. ஒருமுறை கை தட்டினால் ஓசை அடங்க 45 விநாடி பிடித்தது.

அந்த 45 விநாடியின் பயணத்தைத்தான் எழுதப் போகிறேன். மண்ணுக்கடியில் பிறந்து, இசைத்தட்டில் ஏறி, கணக்காக மாறி, கடைசியில் திருப்பூரில் பழைய குடோன் ஒன்றுக்குள் இருக்கும் கணினி வரைக்கும் வந்து சேர்ந்த பயணம் அது.

மலையடிவாரத்தில் கூவினால் தனியாகத் திரும்பி வரும் குரல் எதிரொலி. தொட்டிக்குள் நடப்பது வேறு. ஆயிரக்கணக்கான எதிரொலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, இடைவெளியே தெரியாமல் ஒரே நீள ஓசையாக நிற்கும். பாட்டுக்காரர்கள் ஒரு ஸ்வரத்தை நிறுத்திப் பிடிப்பதைக் கார்வை என்பார்கள். இங்கே பாடுகிறவர் வாயை மூடிய பிறகும் அறையே கார்வை பிடிக்கிறது. அதனால் அந்தப் பெயரையே எடுத்துக்கொள்கிறேன்.

தொட்டியை இசை உலகத்துக்குக் கொண்டுவந்தவர் ஸ்டூவர்ட் டெம்ப்ஸ்டர். ட்ராம்போன் வாசிப்பவர், சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தவர். இடத்தைத் தேடிப் போய் வாசிப்பது அவருக்கு முன்பே பழக்கம். 1976இல் பிரான்சின் அவிஞ்ஞோன் நகரில், போப்பாண்டவர்களின் பழைய அரண்மனைக்குள் இருக்கும் பெரிய தேவாலயத்தில் தனியாக ட்ராம்போன் ஊதிப் பதிவு செய்திருந்தார். அங்கே கார்வை 14 விநாடி. ஃபோர்ட் வேர்டன் தொட்டியில் அதைப்போல் மூன்று மடங்கு.

1988 அக்டோபர் 8ஆம் தேதி, அவரோடு இன்னும் இருவர் அந்தத் தொட்டியின் ஆள்நுழை குழி வழியாக ஏணியில் இறங்கினார்கள். ஒருவர் பாலின் ஒலிவெரோஸ். 1932இல் டெக்சஸின் ஹூஸ்டனில் பிறந்தவர், கையில் அக்கார்டியன். நம் ஆர்மோனியத்தின் உறவுக்காரக் கருவிதான், தோளில் மாட்டிக்கொண்டு வாசிப்பது. தம்புரா சுருதியைப் போல் இயற்கையான விகிதங்களுக்கு அதைச் சேர்த்து வைத்திருந்தார். இன்னொருவர் பாடகர் பனயோட்டிஸ். ட்ராம்போன், ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிஜெரிடூ, சங்கு, தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் குழாய், சில உலோகத் துண்டுகள், மனிதக் குரல், சீட்டி. கொண்டுபோனது இவ்வளவுதான். ஒலிப்பதிவாளர் அல் ஸ்வான்சன். மறுவருடம் நியூ ஆல்பியன் நிறுவனம் அதை 'டீப் லிஸனிங்' என்ற பெயரில் வெளியிட்டது. நான்கு துண்டுகள். முதல் துண்டான 'லியர்' மட்டுமே 25 நிமிடத்துக்கு மேல்.

கேட்கும்போது முதலில் புரியாமல் போவது எது வாசிப்பு, எது அறையின் பதில் என்பதுதான். அக்கார்டியனின் ஒரு ஸ்வரம் எழுகிறது, அதன் ஓரம் எங்கே என்று தெரிவதில்லை. அது தேயும் முன்பே ட்ராம்போன் உள்ளே வருகிறது. மூன்று பேரும் சும்மா இருக்கும் நேரத்திலும் இசை நடந்துகொண்டிருக்கிறது. வாசிப்பவருக்கு இதில் பெரிய கட்டுப்பாடு உண்டு. தவறான ஸ்வரம் ஒன்று விழுந்தால் அது முக்கால் நிமிடம் தலைக்கு மேல் நிற்கும், திரும்ப எடுக்க முடியாது. அவசரப்பட்டால் எல்லாம் ஒன்றில் ஒன்று கலந்து இரைச்சலாகிவிடும். அறை என்ன சொல்கிறது என்று காது கொடுத்த பிறகே அடுத்த மூச்சை எடுக்க முடியும். ஒலிவெரோஸ் பிறகு தன் வாழ்நாள் முழுவதும் கற்பித்த கேட்டல் பயிற்சிக்கு அந்த இசைத்தட்டின் பெயரையே வைத்தார்.

நம் சங்கீதத்தை அங்கே கொண்டுபோனால் என்ன ஆகும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கர்நாடக இசையில் ஸ்வரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. 45 விநாடிக் கார்வையில் பின்னால் வருவதும் முன்னால் போனதும் ஒரே நேரத்தில் ஒலிக்கும். ஆரோகணமே ஒரு கூட்டொலியாகிவிடும். தோடி பாடினால் நெருங்கிய ஸ்வரங்கள் ஒன்றோடொன்று உரசி உறுமும், கமகம் அத்தனையும் கரைந்துபோகும். மோகனம் பிழைத்துக்கொள்ளும் என்பது என் துணிபு. அதன் ஐந்து ஸ்வரங்களில் எந்த இரண்டும் அரை ஸ்வர நெருக்கத்தில் இல்லை. ஐந்தும் சேர்ந்து நின்றாலும் காதைக் குத்தாது. சவுக்க காலத்தில், ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு மூச்சு விட்டுப் பாடும் மோகனம். நம் வித்வான்கள் யாராவது அதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் தீராத ஆசை.

இடமே வாத்தியமாகும் இந்த வழிக்கு இந்தியாவிலும் ஒரு தடம் உண்டு. 1968இல் அமெரிக்கப் புல்லாங்குழல் கலைஞர் பால் ஹார்ன் தாஜ்மகாலின் குவிமாடத்துக்கு அடியில் தனியாக வாசித்துப் பதிவு செய்தார். மும்தாஜும் ஷாஜகானும் உண்மையில் அடக்கமாகியிருப்பது அந்தத் தளத்துக்குக் கீழே உள்ள அறையில். அந்தப் பதிவில் புல்லாங்குழலோடு, அங்கே காவலிருந்தவர் குரலெடுத்துப் பாடுவதும் பதிவாகியிருக்கிறது. என்னைக் கேட்டால், அந்தத் தட்டின் உயிர் அந்தக் காவலர்தான். அந்தக் குவிமாடத்தில் எங்கே நின்று எப்படிக் குரல் விட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கார்வைக்கும் திருப்பூருக்கும் உள்ள உறவு துணியில் இருக்கிறது. 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபம் பேச்சே புரியாத இடமாக இருந்தது. ஒரு சொல் அடங்க ஐந்தரை விநாடி, அதற்குள் பேராசிரியர் பத்துச் சொற்களைப் பேசி முடித்திருப்பார். சரி செய்யும் வேலை வாலஸ் சபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியருக்கு வந்தது. அவர் பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து மண்டபத்தில் பரப்பினார். ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, காதுக்கு ஓசை மறையும் நேரத்தைக் கடிகாரத்தில் குறித்தார். கொஞ்சம் மெத்தை, இன்னும் கொஞ்சம் மெத்தை என்று கூட்டிக்கொண்டே போனார். விடிவதற்குள் மெத்தைகள் தியேட்டருக்குத் திரும்பியாக வேண்டும். அந்த இரவுகளிலிருந்துதான் கட்டட ஒலியியல் என்ற துறை பிறந்தது. 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால் அவருடைய கணக்கின்படி எழுந்தது.

கணக்கு எளிது. அறையின் கன அளவைக் கன மீட்டரில் எடுத்து 0.161ஆல் பெருக்கி, ஒலியைக் குடிக்கும் பரப்பால் வகுத்தால் கார்வை எத்தனை விநாடி என்று வந்துவிடும். குடிக்கும் பரப்புக்கு சபின் வைத்த அளவுகோல் திறந்த ஜன்னல். வெளியே போன ஒலி திரும்பாது, ஆகவே ஒரு சதுர மீட்டர் திறந்த ஜன்னல் என்பது ஒரு சதுர மீட்டர் முழுக்குடி. கான்கிரீட் தன்மேல் விழும் ஒலியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் குடிக்கும். தண்ணீர் அதைவிடக் குறைவு. துணிதான் பெருங்குடிகாரன்.

ஃபோர்ட் வேர்டன் தொட்டிக்கு இதைப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பிரம்மாண்டமான இடம் முழுவதும் சேர்ந்து குடிப்பது சுமார் 39 சதுர மீட்டர் அளவுக்குத்தான். அதாவது 20க்கு 20 அடி ஜன்னல் ஒன்று. உடுப்பு உடுத்திய ஓர் ஆள் ஏறத்தாழ அரை சதுர மீட்டர் குடிப்பார் என்று வைத்தால், 80 பேர் உள்ளே இறங்கினாலே 45 விநாடி பாதியாகிவிடும். மூன்று கலைஞர்கள் போனதும் அவ்வளவு பெரிய கார்வை கிடைத்ததும் ஒன்றுக்கொன்று சம்பந்தமுள்ளவை. பெருங்கூட்டம் நிரம்பி உட்கார்ந்து கேட்கும் கச்சேரியாக அது இருந்திருக்கவே முடியாது. கேட்க வருகிறவர்களின் சட்டையே அதைக் குடித்துத் தீர்த்துவிடும்.

துணி எப்படிக் குடிக்கும் என்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிட்டிங் கம்பெனியில் வட்ட மெஷின்கள் ஓடும் கூடத்தில் பக்கத்து ஆளிடம் பேசக் காதோடு வாய் வைக்க வேண்டும். அங்கிருந்து பத்தடி தள்ளி, துணி ரோல்களைக் கூரை வரைக்கும் அடுக்கிய குடோனுக்குள் நுழைந்து கதவைச் சாத்துங்கள். நம் குரலே நம் உதட்டோடு நின்றுவிடும். நன்றாகப் பழகியவர்கள்கூட அங்கே குரலைத் தாழ்த்திவிடுவதைக் கவனித்திருக்கிறேன். ஊசிக்கும் ஊசிக்கும் இடையே வளையம் வளையமாகப் பின்னிய நூல், நடுவே காற்று. ஒலி உள்ளே போய் உராய்ந்து உராய்ந்து வெப்பமாகிச் செத்துவிடுகிறது.

அதே ஊரில், காலுக்கடியில், துணிக்கு நேர் எதிரான அறைகளும் ஏராளம். ஒவ்வொரு பனியன் கம்பெனியிலும், கொஞ்சம் வசதியான வீட்டிலும் லாரித் தண்ணீரைப் பிடித்து வைக்க நிலத்தடியில் சம்ப் இருக்கிறது. கட்டி முடித்து, சென்ட்ரிங் பிரித்து, உள்பூச்சும் முடிந்து, தண்ணீர் விடும் முன் இருக்கும் ஒரு சில நாட்களில் அது ஓர் இசை அறை. தெரிந்தவர் கம்பெனியில் அப்படி ஒன்று முடிந்திருந்தபோது போய் நின்றேன். நீளம் 20 அடி, அகலம் 15, ஆழம் 10. உள்ளே கொத்தனார் மூலை மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். மேலிருந்து ஏதோ கேட்டேன். அவர் பதில் சொன்னார், ஒரு எழுத்துகூடப் பிரியவில்லை, கோயில் மணி அடித்தது மாதிரி 'ங்ங்' என்று மட்டும் வந்தது. அவர் இரண்டு படி ஏறித் தலையை வெளியே நீட்டினார்.

"மேல வந்துதானுங்ண்ணா பேசோணும். உள்ள ரெண்டு பேரு நின்னாலும் கைச்சாடைதானுங்க."

சபின் கணக்கில் அந்தச் சம்பின் கார்வை கிட்டத்தட்ட 5 விநாடி. ஹார்வர்டின் அந்த மண்டபம் கொடுத்த அளவு. இரண்டடிக்கு இரண்டடி மூடிக் குழி மட்டும்தான் அங்கே திறந்த ஜன்னல். சம்புக்குள் தரையில் பாதிக்கு கட்டிங் வேஸ்ட் மூட்டைகளைப் போட்டால் 5 விநாடி ஒன்றேகாலாகச் சுருங்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் வட்டாரத்தில் தொட்டிக்குள் இறங்குவது பலருக்குப் பிழைப்பு. சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டியிலும் கழிவறைத் தொட்டியிலும் இறங்கியவர் விஷவாயு தாக்கி விழுவதும், தூக்கப் போனவரும் கூடவே விழுவதும் செய்தித்தாளில் திரும்பத் திரும்ப வருகிற சாவுகள். 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பில்லாமல் கழிவறைத் தொட்டிகளிலும் சாக்கடைகளிலும் ஆளை இறக்குவதைக் குற்றம் என்கிறது. சட்டம் வந்த பிறகும் ஆட்கள் இறங்குகிறார்கள், இறக்கப்படுகிறார்கள். ஃபோர்ட் வேர்டனில் மூன்று பேர் மணிக்கணக்கில் உட்கார்ந்து வாசிக்க முடிந்தது என்றால், முதற்காரணம் அங்கே மூச்சு விட முடிந்தது. மூடிய தொட்டி எதுவானாலும், காலியாகத் தெரிந்தாலும், காற்றைச் சோதிக்காமல் உள்ளே யாரும் போகக் கூடாது. ஒலிப்பதிவுக்காக என்றால் ஆள் போகவே வேண்டாம். மைக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினால் போதும்.

தொட்டியின் கதைக்கு வருகிறேன். 1991இல் அதே இடத்தில் பதிவான இன்னொரு தட்டு வந்தது. ஒலிவெரோஸ் குழு நியூயார்க் மாநிலத்தின் ரோசண்டேலில் கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும் போய் வாசித்தது. பிறகு டெம்ப்ஸ்டர் ஒரு ட்ராம்போன் கூட்டத்தையே தொட்டிக்குள் இறக்கிப் பதிவு செய்தார். அந்த இசை மெர்ஸ் கன்னிங்ஹாமின் நடனத்துக்குப் போனது. கீழே பிறந்த கார்வை மேடையில் ஆடும் உடல்களுக்குப் பின்னால் ஒலித்தது. 2014இல் ஸ்காட்லாந்தின் இஞ்சின்டவுனில், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கடற்படைக்கு எண்ணெய் சேமிக்க மலைக்குள் குடைந்த தொட்டி கின்னஸ் சாதனை ஆனது. ட்ரெவர் காக்ஸ் என்ற ஒலியியல் பேராசிரியர் உள்ளே வெற்றுத் தோட்டா வெடிக்க வைத்து அளந்தபோது தாழ்ந்த ஓசை அடங்க 112 விநாடி ஆனது.

இதற்கிடையே கார்வையைச் செயற்கையாகச் செய்யும் வேலை தனியாக நடந்துகொண்டிருந்தது. 1947இல் ஒலிப்பதிவாளர் பில் பட்னம் ஸ்டூடியோவின் கழிப்பறையில் ஒலிபெருக்கியும் மைக்கும் வைத்துப் பாட்டுக்கு முழக்கம் சேர்த்தார். 1956இல் ஹாலிவுட்டில் கேபிட்டல் நிறுவனம் தன் வட்டக் கட்டடத்துக்கு அருகே பூமிக்கடியில் எதிரொலி அறைகள் கட்டியது. அவற்றை வடிவமைத்தவர் கிதார் மேதை லெஸ் பால். அந்த அறைகளுக்குள் பாடகர் போக மாட்டார், பாட்டு மட்டும் கம்பி வழியே போய் நனைந்து திரும்பும். இரும்புத் தகடு, சுருள்கம்பி என்றும் வழிகள் இருந்தன, கடைசியில் கணினி.

கணினி செய்வது ஆச்சரியமானது. ஓர் அறைக்குள் பலூனை உடைத்து, அல்லது தாழ்ந்த ஸ்வரத்திலிருந்து உச்சம் வரை வழுக்கி ஏறும் ஓர் ஓசையை ஒலிக்கவிட்டு, அறை தரும் பதிலைப் பதிவு செய்துகொள்கிறார்கள். அந்தப் பதிலில் அறை முழுவதும் அடக்கம்: சுவர் எத்தனை தூரம், தூண்கள் எங்கே, எந்த ஓசை முதலில் சாகும், எது கடைசியில். எந்தக் குரலையும் அந்தப் பதிலோடு கணக்கால் பின்னிவிட்டால், குரல் அந்த அறைக்குள் ஒலித்ததாக ஆகிவிடும். 2012இல் ஒலிவெரோஸின் 80ஆம் பிறந்தநாளையொட்டி, அவர் பேராசிரியராக இருந்த நியூயார்க் மாநிலத்து டிராய் நகரின் ரென்சலியர் கல்விநிலையத்தில் யோனாஸ் ப்ராஷ் என்ற ஒலியியல் அறிஞர் ஃபோர்ட் வேர்டன் தொட்டியின் கார்வையை அரங்கத்துக்குள் உண்டாக்கிக் கொடுத்தார். ஒலிவெரோஸும் டெம்ப்ஸ்டரும் அங்கே நாற்காலியில் உட்கார்ந்து தொட்டிக்குள் வாசித்தார்கள். ஏணியும் வேண்டியிருக்கவில்லை, கூட்டத்தின் சட்டைகளும் கார்வையைக் குடிக்கவில்லை. 45 விநாடிக்கு அதன் தொட்டி தேவையில்லாமல் போன நாள் அது. ஒலிவெரோஸ் 2016இல் காலமானார்.

அதற்குப் பிறகு இந்த வித்தை விலை குறைந்து எல்லோர் கைக்கும் வந்தது. திருப்பூரில் எனக்குப் பழக்கமான ஒரு இளைஞர் பழைய குடோனின் ஒரு பகுதியைத் தடுத்து ஸ்டூடியோ வைத்திருக்கிறார். பகலில் ஒரு கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் வேலை, இரவில் கோயில் பாட்டு, குறும்பட இசை. சுவரெல்லாம் சட்டம் அடித்து, உள்ளே கட்டிங் வேஸ்டை அடைத்து, மேலே செகண்ட்ஸில் வந்த கறுப்பு சிங்கிள் ஜெர்சி துணியை இழுத்துக் கட்டியிருக்கிறார். கை தட்டினால் 'டப்' என்று அங்கேயே நிற்கும். திருப்பூர்த் துணி அறையின் ஓசையை முழுவதும் கொன்றுவிடுகிறது. பிறகு அவர் கணினியில் ஒரு பட்டியலைத் திறந்து ஏதாவதொரு கார்வையைப் பாட்டுக்குச் சேர்க்கிறார். பட்டியலில் ஜெர்மன் தேவாலயம் இருக்கிறது, லண்டன் அரங்கம் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டிகளும் இருக்கின்றன. எங்கள் மாரியம்மன் பாட்டுகள் ஐரோப்பியப் பேராலயங்களுக்குள் ஒலித்துக்கொண்டிருந்தன. எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது. அவிநாசியில் கோயில் பிரகாரம் இருக்கும்போது, கொங்குச் சீமை முழுவதும் கிணறுகள் திறந்து கிடக்கும்போது, நம் பாட்டு ஏன் இன்னொருவர் வீட்டு அறையில் குடியிருக்க வேண்டும்?

கட்டி முடித்த அந்தச் சம்பில் பலூன் உடைத்துக் கார்வையை எடுத்துக்கொண்டு வந்தோம். சேர்க்க ஒரு பாட்டும் கிடைத்தது. காங்கேயம் பக்கத்தில் எண்பதை நெருங்கும் பெரியவர் ஒருவர் சிறுவயதில் கவலை ஓட்டியவர், அதாவது காளை பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்தவர். கிணற்று மேட்டில் வடத்தின் மேல் உட்கார்ந்து காளைகளை வாரியில் இறக்கும்போது சால் மேலே ஏறும், வாய்க்காலில் கவிழும். திரும்பக் காளைகள் பின்வாங்கி ஏறும்போது வெற்றுச் சால் கீழே போகும். பாட்டின் ஒரு அடி, காளை ஒருமுறை இறங்கும் நேரம். 1932இல் பைகாரா மின்சாரம் வந்து, கோயம்புத்தூரில் மோட்டார் பட்டறைகள் பெருகி, கிணற்றுக்குக் கிணறு மோட்டார் மாட்டியபோது அந்த வேலையோடு பாட்டும் நின்றது. அவர் அந்த வேலையின் கடைசித் தலைமுறை. ஸ்டூடியோவுக்கு வந்து பாடிக் கொடுத்தார். சம்பின் 5 விநாடியைச் சேர்த்து ஹெட்போனில் போட்டுக் காட்டினோம். கண்ணை மூடிக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்குதுங் தம்பி. ஆனா கெணத்துல இப்படி இழுத்துக்கிட்டு நிக்காது. வெட்டி வெட்டித் திரும்பும். அதக் கேட்டுத்தான் அடுத்த அடி எடுப்போம்."

"எப்படித் திரும்புமுங் அப்பாரு?" என்று இளைஞர் கேட்டார்.

பெரியவர் நாக்கை அண்ணத்தில் தட்டி, வேகமாகத் தேய்ந்து போகும் ஒரு 'டகடகடக' போட்டுக் காட்டினார்.

அவர் சொன்னதில் ஒலியியல் பிசகே இல்லை. எங்கள் பழைய கிணறுகள் சதுரம் அல்லது நீள்சதுரம், நேருக்கு நேர் கல் சுவர், மேலே முழுவதும் திறந்த வாய். திறந்த வாய் என்பது சபினின் ஜன்னல்தான். கார்வையின் பெரும்பங்கு வானத்துக்குப் போய்விடும். மிஞ்சுவது இரண்டு சுவர்களுக்கு நடுவே அடிபட்டுத் திரியும் ஒலி. 40 அடி அகலக் கிணற்றில் ஒரு சுவரோரம் கை தட்டினால் ஓசை எதிர்ச்சுவரில் பட்டு விநாடிக்குப் பதினான்கு முறை திரும்பி வரும். அதுதான் அந்த 'டகடக'. பாடும் குரலுக்கு அது உடனடி மறுமொழி. தாளத்துக்கு அருமையான துணை. நீண்ட கார்வையில் பறையும் பம்பையும் குழம்பிப்போகும், கிணற்றிலோ ஒவ்வொரு அடியும் கூராக நிற்கும்.

ஆகவே அவருடைய ஊர்க் கிணற்றுக்கே போனோம். நொய்யல் ஆற்றுக் கரையோரக் கிணறுகள் பல சாயத்தண்ணீரால் கெட்டவை. 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு என்று கட்டப்பட்டுச் சாயக்கழிவின் தேக்கமானது எல்லோருக்கும் தெரிந்த வேதனை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்ற ஏற்பாட்டோடு அவை மறுபடி திறந்ததும் அந்த வேதனையின் தொடர்ச்சி. பெரியவரின் கிணறு ஆற்றிலிருந்து தள்ளியிருந்ததால் தப்பித்தது. ஆனால் சுற்றிலும் போர்வெல் ஆயிரம் அடிக்குப் போனபின் ஊற்று அறுந்து, அடியில் கொஞ்சம் மழைத்தண்ணீர் மட்டும் கிடந்தது. கவலைக்கல் இரண்டும் மேட்டில் அப்படியே நின்றன. வடம் உரசிய தடம் கல்லில் விரல் புதையும் ஆழத்துக்கு இருந்தது.

ரெக்கார்டரைக் கயிற்றில் கட்டிப் பாதி ஆழத்துக்கு இறக்கினோம். மூங்கில் கழி நுனியில் பலூனைக் கட்டிக் கிணற்றின் நடுவுக்கு நீட்டி, இன்னொரு கழியில் சொருகிய கோணி ஊசியால் குத்தினோம். பொந்துகளிலிருந்த புறாக்கள் முதல் வெடிக்கே கிளம்பிவிட்டன. அவற்றின் சிறகடிப்பும் அதே 'டகடக'வாகி மேலே வந்தது. புறா அடங்கவும், தூரத்தில் ஓடிய மோட்டாரை அந்தத் தோட்டத்துக்காரர் நிறுத்தவும் காத்திருந்து நல்ல பதிவு ஒன்று எடுத்தோம். பிறகு பெரியவரைக் கவலைக்கல்லுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார வைத்து நேரடியாகவும் பாடச் சொன்னோம். ஸ்டூடியோவில் ஒரே மூச்சாகப் பாடியவர், இங்கே ஒவ்வொரு அடி முடிவிலும் கிணறு சொல்லி முடிக்கும்வரை நிறுத்தி நிறுத்திப் பாடினார். வேகம் ஏறக்குறைய பாதியானது. பாட்டின் உண்மையான நடை அதுதான் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இப்போது அந்த இளைஞரின் பட்டியலில் ஜெர்மன் தேவாலயத்துக்குக் கீழே 'சம்ப்' என்று ஒன்றும் 'கவலைக் கெணறு' என்று ஒன்றும் இருக்கின்றன. பம்பை வாசிக்கும் ஒரு குழு சென்ற பண்டிகைக்குப் பதிவு செய்தபோது பட்டியலைக் கேட்டுவிட்டுக் கிணற்றையே எடுத்துக்கொண்டது. அடுத்து வட்டக் கிணறு ஒன்றை அளக்க வேண்டும். வட்டச் சுவர் ஒலியை நடுவில் குவிக்கும் என்று கணக்கு சொல்கிறது. தாராபுரம் சாலையில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம், அதைக் குப்பை கொட்டி மூடப் பேச்சு நடக்கிறது என்பதால் தை பிறப்பதற்குள் போயாக வேண்டும்.